இரட்டைவால் கேபிள்

எங்கள் ஊரில் ஹார்ட் டிஸ்குக்குச் சுவர் பிளக்கிலிருந்து கரண்ட் கொடுப்பதில்லை. செல்போனிலிருந்துதான் கொடுக்க வேண்டும். செல்போனைக் கையில் பிடித்திருக்கவும் வேண்டும். மேஜைமேல் வைத்துவிட்டால் டிஸ்க் சுற்றாது. செல்போனுக்குக் கரண்ட் கையிலிருந்து வருகிறது.

டிஸ்கில் இருப்பவர்கள் இறந்துபோனவர்கள். முனிசிபாலிட்டியில் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால், அதோடு ஒரு துணிப்பையும் தருவார்கள். உள்ளே சோப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டிஸ்க், ஒரு முழம் கேபிள், நாலாக மடித்த ஒரு தாள். பெரியவர்களுக்கு ஒரு டிபி, குழந்தைகளுக்கு ஐந்நூறு ஜிபி. குழந்தைகளின் பையை வாங்குகிறவர்கள் கவுண்டரில் அதைத் திறந்து பார்ப்பதில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

என் மனைவி லிங்கக்கனியின் பையை நான் அங்கேயே திறந்து சரிபார்த்தேன். எதையும் பார்க்காமல் வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. என் பெயர் ஆதிலிங்கம். உப்பளத்துக்குப் பக்கத்து எடைமேடையில் முப்பத்திரண்டு வருடமாக லாரிகளை எடைபோடுகிறேன். காலி வண்டி எவ்வளவு, உப்பு ஏற்றிய வண்டி எவ்வளவு என்று பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது வேலை. சீட்டைக் கையில் கொடுப்பதில்லை. ஒரு கழியின் நுனியில் துணிக்கிளிப்பைக் கட்டி, அதில் சீட்டைச் செருகி ஜன்னல் வழியாக நீட்டுவேன். டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்வார். வண்டியைவிட்டு இறங்கினால் எடை மாறிவிடும்.

தாளில் எல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தது. ஐந்நூறு மில்லியாம்ப் கொடுத்தால் இறந்தவரின் நடமாட்டம் வீட்டில் கேட்கும். எண்ணூறு கொடுத்தால் பாத்திரச் சத்தமும் அவருடைய வாசனையும் வரும். ஆயிரத்து இருநூறு கொடுத்தால் ஆள் வருவார், பேசுவார். குரல் மட்டும் தனியாக வராது. கைகளைப் பற்றி அடியில் ஒரு பத்தி இருந்தது. அன்றைய தினம் யாராவது தொட்ட கை தொட்ட அளவைப் பொறுத்து ஆயிரம்வரை கொடுக்கும். யாரும் தொடாத கை ஐந்நூறுதான் கொடுக்கும்.

என் கை ஐந்நூறு கொடுத்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் நான் யாரிடமும் போய் நின்றவன் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு தீப்பெட்டி கேட்டது கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மற்ற வீடுகளில் இப்படி இல்லை. நான் குடியிருக்கும் பிளாக்கில் கீழ்வீட்டுக்காரர்கள் எட்டுப் பேர். ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டும் பிடித்து இழுத்தும் நாள் முழுக்க ஒரே ரகளை. ஆகையால் சாயங்காலமானால், இரண்டு பேர் கை கொடுத்தாலே, போன வருடம் இறந்துபோன மாமனார் ஜம்மென்று வந்து உட்கார்ந்து, டிவி சத்தம் காணாது, கூட்டு என்று சண்டை போடுவார். அவர்கள் "ஐயோ தாத்தா, போதும்" என்று கேபிளைப் பிடுங்குவார்கள். எனக்கு அதைக் கேட்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இரண்டு வருடம் லிங்கக்கனி எனக்கு வெறும் நடையாகத்தான் வந்தாள். வேலை முடிந்து வந்து, காப்பி போட்டுக் குடித்துவிட்டு, செல்போனைக் கையில் எடுத்துக் கேபிளை மாட்டுவேன். படுக்கையறையிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து பின்பக்கத்துக் குழாயடிக்கும் அவள் நடக்கிற சத்தம் கேட்கும். மெட்டி தரையில் படுகிற சத்தமும் கேட்கும். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்துபோய்த் திரும்புகிறவளின் நடை. நான் செல்போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். அரைமணி நேரத்தில் கை மரத்துப்போகும், கழற்றிவிடுவேன்.

நடையோடு நின்றிருந்தால் எனக்கு அதுவே போதும் என்றிருந்திருப்பேன். ஆனால் அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

அவள் இறந்த அன்று காலை பதினொரு மணிக்கு எடைமேடைக்கு போன் போட்டாள். "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். மேடையில் லாரி நின்றுகொண்டிருந்தது. மேடையில் வண்டி நிற்கும்போது நாங்கள் பேசுவதில்லை. டிரைவரும் பேசமாட்டார், கிளீனரும் பேசமாட்டார். முள் நிற்கிறவரை இருமலைக்கூட அடக்கிக்கொள்வோம். "வண்டி நிக்கு, அப்புறம் பேசுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த லாரி பதினாறு டன் நானூற்று இருபது கிலோ. சீட்டு எழுதிக் கிளிப்பில் செருகி நீட்டினேன். அதற்குப் பின்னால் மூன்று லாரி. அதற்குப் பின்னால் கீழ்வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து நின்றார்.

அந்த ஒன்று என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். இரண்டு வருடமும் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் அந்த வாக்கியத்தின் மறுபாதியை யோசித்துக்கொண்டுதான்.

இந்த வருடம் சித்திரையில் மெட்டிச் சத்தம் நின்றுபோனது. வைகாசியில் அவள் குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு ஒற்றைக் காலின் சத்தம் மட்டும் கேட்டது. டிஸ்க் "டிக், டிக்" என்று பல்லி மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. நான் அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் டார்வினிடம் போனேன்.

டார்வின் டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டார்.

"எவ்வளவு குடுத்திய அண்ணாச்சி?"

"ஐந்நூறு."

"ரெண்டு வருசமாவா? அரைவயித்துக்குக் கஞ்சி ஊத்தி ஓடச் சொன்னா எப்படி ஓடும்? ஒவ்வொரு தடவையும் எந்திரிக்கப் பாத்து எந்திரிக்க முடியாம தலையை முட்டியிருக்கு. முட்டுற இடத்துல இருக்கறது அழிஞ்சிட்டு."

"இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"நாள் கணக்கு இல்ல. ரெண்டு ஸ்டார்ட் தாங்கும். ஒரு ஸ்டார்ட்டுக்குப் பத்து நிமிசம். ரெண்டுலயும் முழுக் கரண்ட் குடுத்துருங்க. கேக்க வேண்டியதைக் கேட்டுக்கிடுங்க."

அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கேபிளை எடுத்தார். ஒரு முனை டிஸ்குக்கு. மறுமுனை இரண்டாகப் பிரிந்து, ஒரு வால் நீளமாகவும் ஒரு வால் குட்டையாகவும் இருந்தது. இரண்டு பேர் இரண்டு செல்போனில் மாட்டிக்கொள்ளலாம். நீளவாலைப் பிடித்தவரிடம்தான் டிஸ்கில் இருப்பவர் பேசுவார். குட்டைவால் வெறும் கரண்டுக்கு. அதைப் பிடித்தவர் இறந்தவரின் கண்ணில் படமாட்டார், இறந்தவரின் குரலும் அவர் காதில் விழாது. கூடவே கரண்ட் எவ்வளவு என்று காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றையும் கொடுத்தார். எனக்கு மீட்டர்கள்மேல் நம்பிக்கை உண்டு.

"குட்டைவாலுக்கு ஆள் தேடிக்கிடுங்க. உங்க பிளாக்லயேதான் ஜெசிந்தாக்கா இருக்காவள்லா" என்றார்.

எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஜெசிந்தா என் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் தனியாக இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணமாகாதவள். தாலுகா ஆபீசில் ஜனங்களின் கைரேகை பதிகிற மெஷினில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை இருநூறு பேரின் விரலைப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். அதனால் அவள் கை தொள்ளாயிரத்துக்குக் குறையாமல் கொடுக்கும். பிளாக்கில் யாருக்காவது கரண்ட் போதாவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் ஆபீஸ் விட்டதும் கையைக் கழுவாமல் அவர்கள் வீட்டுக்குப் போவாள். கழுவினால் இருநூறு குறைந்துவிடும். சுவரோரமாக ஸ்டூலில் உட்கார்ந்து குட்டைவாலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் அப்பாவோடோ அக்காவோடோ பேசி அழுது சிரித்து முடித்ததும் எழுந்து மாடியேறிப் போவாள். அவளுக்கென்று டிஸ்க் எதுவும் கிடையாது. அநாதை விடுதியில் வளர்ந்தவள், சாவதற்கு அவளுக்கு யாரும் இருந்ததில்லை.

அவளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக என் கையை நானே சரிசெய்துகொள்ளப் பார்த்தேன். டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரின் விரல்மேல் படும்படி கையை நீட்டினேன். மீட்டரில் ஐந்நூற்று இருபது. சர்ச் வளாகத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் நடந்தது. ஒரே காலையில் மூன்று தடவை வரிசையில் நின்றேன். மூன்றாவது தடவை நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க" என்றாள். ஐந்நூற்று எழுபது. பஸ் ஸ்டாண்டில் கைரேகை பார்ப்பவர் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்தார். வெளிநாட்டு யோகம் இருக்கிறது என்றார். அறுநூற்று நாற்பது. இதற்குமேல் ஏற வழியில்லை என்று தெரிந்தது. ஏறினாலும் ஒற்றைக் கை ஆயிரத்து இருநூறைத் தொடாது.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜெசிந்தா ஆபீசுக்கு இறங்கி வரும்போது படிக்கட்டில் நின்றேன். கேட்கவேண்டியதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

"ஜெசிந்தாம்மா, ஒரு உதவி."

"எத்தனை மணிக்கு அண்ணாச்சி?" என்றாள். நான் மனப்பாடம் பண்ணிய மிச்சம் வீணாகப் போனது.

ஆறு மணிக்கு வந்தாள். கைகளைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். கூடத்தில் நான் ஏற்பாடெல்லாம் செய்து வைத்திருந்தேன். நடுவில் சின்ன மேஜைமேல் டிஸ்க். இரண்டு பிரம்பு நாற்காலிகள் எதிரெதிரே, ஒன்று எனக்கு, ஒன்று லிங்கக்கனிக்கு. குட்டைவால் எட்டுகிற தூரத்தில், விளக்குமாறு சாத்தியிருக்கும் மூலையில் ஒரு ஸ்டூல். ஜெசிந்தா நேராக அந்த ஸ்டூலுக்குப் போனாள்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். அவள் என் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்தவரை விளக்குமாற்றுப் பக்கம் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, நான் பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொள்வது எப்படி? லிங்கக்கனி இருந்திருந்தால் முகத்தில் அடித்தாற்போல ஏதாவது சொல்லியிருப்பாள்.

"அங்க வேண்டாம், நாற்காலியில இருங்க" என்றேன்.

"எனக்கு ஸ்டூலே போதும் அண்ணாச்சி. எல்லா வீட்லயும் அங்கதான் இருப்பேன்."

"என் வீட்ல அப்படிக் கிடையாது."

இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவை உட்கார்ந்தாள். குட்டைவால் நாற்காலிவரை எட்டவில்லை. நீளவால்தான் எட்டியது. அதை அவளிடம் கொடுத்துவிட்டு, நான் ஸ்டூலில் உட்கார்ந்து குட்டைவாலை மாட்டினேன். செய்துகொண்டிருக்கும்போதே என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. ஆனால் உட்கார்ந்தவரை எழுப்ப முடியாது. மீட்டரில் ஆயிரத்து நானூற்று முப்பது காட்டியது. டிஸ்க் சத்தமில்லாமல் சுற்றியது.

லிங்கக்கனி சமையலறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கத்தரிப்பூ நிறப் புடவை. காலில் மெட்டி இல்லை. என்னைத் தாண்டிப் போய் ஜெசிந்தாவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்து "என்னங்க" என்று அவள் உதடு அசைந்தது. அதற்குப் பிறகு பத்து நிமிடமும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

என் மனைவியின் முகத்தைப் பக்கவாட்டில் இருந்து அப்படி நான் பார்த்ததே இல்லை. அவள் பேசும்போது புருவத்தைத் தூக்குவாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் என்னோடு பேசிய காலத்தில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன். ஜெசிந்தா கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ம்" என்றாள். "சரி" என்றாள். ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மெதுவாக, "இன்னும் இல்ல, இனிமேத்தான் சாப்பிடணும்" என்றாள். சொல்லும்போது அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

டிஸ்க் நின்றது. நாற்காலி காலியானது. ஜெசிந்தா செல்போனை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபமும் பொறாமையும் ஒன்றாக வந்தன. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

"என்ன சொன்னா?" என்றேன்.

"கை குடுக்க வந்தவ வாயைத் தொறக்கப்புடாதே அண்ணாச்சி."

அது எங்கள் ஊர் வழக்கம்தான். எந்த வீட்டில் எந்தப் பிணம் என்ன பேசியது என்று அவள் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை, அதனால்தான் எல்லோரும் அவளைக் கூப்பிடுகிறார்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். கையைக் கழுவிவிட்டு வாங்கிக் குடித்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினாள்.

"நாளைக்கு நீங்க நீளவாலைப் பிடியுங்க. இவ்வளவுதான் நான் சொல்லலாம்" என்றாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "எங்கிட்ட சாப்பிட்டாச்சான்னு யாரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள்.

மறுநாள் எனக்கு மேடையில் வேலை ஓடவில்லை. ஒரு காலி லாரிக்கு உப்பு ஏற்றிய எடையை எழுதிக் கிளிப்பில் நீட்டினேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. டிரைவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த எடைக்கு உப்பு ஏற்றிக்கொண்டார்.

ஆறு மணிக்கு ஜெசிந்தா வரும் சத்தம் படியில் கேட்டதுமே நான் நீளவாலை என் செல்போனில் மாட்டி, டிஸ்கையும் கேபிளில் செருகிவிட்டேன். எதையும் சரிபார்க்காமல் செய்கிறவன் இல்லை நான். அன்றைக்கு மீட்டரைப் பார்க்காமல் செய்தேன். அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து குட்டைவாலை மாட்டினாள்.

"அண்ணாச்சி, இன்னிக்கு முழுக்க சர்வர் இல்ல" என்றாள்.

காலையிலிருந்து மெஷின் வேலை செய்யவில்லை. வந்த ஜனங்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் ஒரு விரலைக்கூடத் தொடவில்லை. மீட்டரில் ஆயிரம் காட்டியது. என் ஐந்நூறும் அவள் ஐந்நூறும்.

"அப்ப ஏன் வந்தீய?" என்றேன்.

"வராம இருக்க மனசு வரல."

டிஸ்க் "டிக்" என்றது. கடைசி ஸ்டார்ட் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கழற்றினாலும் அது போனதுதான். சமையலறைப் பக்கம் ஒற்றைக் கால் ஓரடி வைத்தது, நின்றது. மறுபடி "டிக்" என்றது. எதை முட்டியது, எது அழிந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த வாக்கியமாகக்கூட இருக்கலாம்.

ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துக்கொண்டு என் நாற்காலிப் பக்கம் வந்தாள். குட்டைவால் எட்டாததால் மேஜையையும் சேர்த்து இழுத்தாள்.

"அந்தக் கையைக் குடுங்க" என்றாள்.

செல்போன் இல்லாத இடது கையை நீட்டினேன். ஆபீசில் பிடிப்பதுபோலக் கட்டைவிரலைத் தனியாகப் பிரித்துப் பிடித்து மேஜைமேல் வைத்து அழுத்தினாள். "விரலைத் தளத்தி விடுங்க. நீங்க அமுக்காதீங்க, நான் அமுக்குதேன்" என்றாள். ஆயிரத்து ஐம்பது. அடுத்து ஆள்காட்டி விரல். ஆயிரத்து நூறு. "ரேகையே இல்ல அண்ணாச்சி உங்களுக்கு, உப்பு தின்னுட்டு." ஐந்து விரலும் முடிந்தபோது ஆயிரத்து நூற்று எண்பது. டிஸ்க் மூன்றாவது தடவை "டிக்" என்றது. அதற்குமேல் முள் ஏறவில்லை. அழுத்துவதற்கு விரலும் இல்லை.

அவள் மீட்டரைப் பார்த்தாள். பிறகு விரல்களை விட்டுவிட்டு என் கையை அப்படியே தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.

லிங்கக்கனி வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். என்னைத்தான் பார்த்தாள். குட்டைவால் பிடித்தவர்கள் அவள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், ஆனாலும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"என்னங்க, எளைச்சிட்டீயளே" என்றாள்.

நேரத்தை வீணாக்காமல் கேட்டேன். "அன்னைக்கு போன் போட்டேல்லா, ஒண்ணு சொல்லணும்னு. அது என்ன?"

"என்னைக்கு?"

"கடைசியா. வண்டி நிக்குன்னு சொல்லி வச்சிட்டேனே."

அவள் யோசித்தாள். புருவத்தைத் தூக்கினாள். அழிந்துபோய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஓ, அதுவா. ஒண்ணுமில்லங்க. சும்மாத்தான் போட்டேன்."

"ஒண்ணு சொல்லணும்னு சொன்னியே."

"அப்படிச் சொன்னாத்தான் நீங்க வைக்க மாட்டீயன்னு."

"வச்சிட்டேன்" என்றேன்.

"ஆமா, வச்சிட்டீய" என்றாள். அதில் குறை சொல்கிற தொனி இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

மிச்சம் ஆறு நிமிடம் இருந்தது. சும்மா பேசினோம். குழாயடிக் குழாய் ஒழுகியதே, சரிபண்ணியாச்சா என்று கேட்டாள். வாஷர் மாற்றியதைச் சொன்னேன். கீழ்வீட்டு மாமனார் இன்னும் கத்துகிறாரா என்று கேட்டாள். கத்துகிறார் என்றேன். சிரித்தாள். அன்று காலை காலி லாரிக்குத் தப்புச் சீட்டு எழுதியதைச் சொன்னேன். நான் சொல்லும் எடைமேடைக் கதைகளை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அல்லது நான் சொன்னதில்லை. "டிரைவர் என்ன பண்ணார்?" என்றாள். "போய் ஏத்திக்கிட்டார்" என்றேன். "நல்ல மனுசன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் நின்றது.

நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். வாக்கியத்தின் மறுபாதியில் நகை வைத்த இடம் இருக்கும், நெஞ்சுவலி இருக்கும், என்மேல் தீராத வருத்தம் ஒன்று இருக்கும் என்று இரண்டு வருடம் என்னென்னவோ நினைத்திருந்தேன். அதில் எதையும் அவள் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஜெசிந்தா நான் முடிக்கிறவரை கையை விடவில்லை. பிறகு இறங்கிப் போய்ப் பால் வாங்கி வந்து, அன்றைக்கு அவள் காப்பி போட்டாள்.

நின்றுபோன டிஸ்கை முனிசிபாலிட்டியில் திருப்பிக் கொடுத்தேன். முத்திரை குத்தி ரசீது தந்தார்கள். பை அவர்களுக்கு வேண்டாமாம். இப்போது காய்கறி வாங்க அதைத்தான் எடுத்துப் போகிறேன்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சில நாள் ஜெசிந்தா மற்ற வீடுகளில் வேலை முடித்துவிட்டு மாடியேறும்போது நின்று, "சாப்பிட்டாச்சா அண்ணாச்சி" என்பாள். சில நாள் நான் கேட்பேன். படிக்கட்டில் பல்பு இல்லாத இடத்தில் அவளைக் கைபிடித்து ஏற்றிவிடுவேன். டார்வினிடம் மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சும்மா என் கையை வைத்துப் பார்த்தேன். எழுநூற்று நாற்பது இருந்தது. அவரிடம் சொல்லிவிட்டு மீட்டரை நானே வைத்துக்கொண்டேன்.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜெசிந்தா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் துணிப்பை இருந்தது.

"முனிசிபாலிட்டியில இருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டாவ. எனக்கு ஒண்ணு வந்திருக்காம்" என்றாள்.

அவள் திறந்து பார்த்திருக்கவில்லை. நான் வாங்கிச் சரிபார்த்தேன். ஒரு டிபி டிஸ்க், கேபிள், தாள். மேலே ஒட்டியிருந்த சீட்டில், சூசை மரியான், வயது ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. உறவுமுறை என்ற இடத்தில் "வரவேண்டியவர்" என்று இருந்தது.

"தெரிஞ்சவரா?" என்று கேட்டேன்.

"இல்ல. முப்பது வருசத்துக்கு முன்னால எனக்கு வரவேண்டியவராம். வராம எங்கயோ இருந்துட்டாராம். போன வாரம் தவறிட்டாராம். வேற யாரும் இல்லாததுனால எனக்குத்தான் குடுக்கணுமாம்."

ஆபீசில் அன்று கூட்டம். அவள் கை தொள்ளாயிரத்து ஐம்பது கொடுத்தது. அவளுக்கு என் உதவி தேவைப்பட்டது இன்னொரு இருநூற்று ஐம்பதுக்குத்தான், ஆனாலும் நான் இரட்டைவால் கேபிளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. என் வீட்டிலிருந்து ஸ்டூலையும் ஒரு பிரம்பு நாற்காலியையும் தூக்கி வந்து, நாற்காலியை எதிரே போட்டேன். அவளை நீளவாலோடு உட்காரவைத்துவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் தலையை ஒரு தடவை தடவிச் சரிசெய்துகொண்டாள்.

முதலில் நடைதான் கேட்டது. வீடு தெரியாதவரின் நடை. படுக்கையறைக்குள் போய், அது இல்லையென்று திரும்பி, பீரோவில் இடித்துக்கொண்டு, குளியலறைக் கதவைத் திறந்து மூடிற்று. பிறகு அவர் சமையலறை வழியாகக் கூடத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர், வேர்த்திருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். மறுகையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். வாசலைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். அவருடைய உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. நிறைய சொன்னார்.

"பரவாயில்ல, நானும் இப்பத்தான் வந்தேன்" என்றாள் ஜெசிந்தா.

நான் கேபிள் இழுபடாதபடி ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.